வீட்டுப்படத்தை நிலத்தில் இறக்கிப் பாருங்கள்



வீட்டுத்திட்டம் ஒன்றில் பெயர் தெரிவானதும் கைக்கு முதலில் வருவது ஒரு தாள். 'பிளான்' என்று நாம் சொல்லும் வீட்டுப்படம் அது. கூட்டம் முடிகிற நேரத்தில் அதை விரித்துக் காட்டி, "இந்த இடத்தில் ஒப்பமிடுங்கள்" என்பார்கள். ஆண்டுக்கணக்காகத் தறப்பாளின் கீழும் உறவினர் வீட்டு விறாந்தையிலும் காலம் கழித்தவர்கள் அந்த வேளையில் கேள்வி கேட்கத் தயங்குவது இயல்பே. கேட்டால் பட்டியலில் பெயர் வெட்டுப்படுமோ என்ற பயமும் உண்டு. ஐந்து நிமிடத்தில் ஒப்பமிட்ட அந்தப் படத்துக்குள்தான் பிறகு ஒரு தலைமுறை வாழவேண்டியிருக்கிறது.

படம் வரைவதும் கணக்குப் பார்ப்பதும் கட்டடக்கலைஞருடைய தொழில். ஆனால் படத்தை வாசிப்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. வயலில் வரம்பு பிரிக்கத் தெரிந்தவர், வளவுக்கு வேலி அடைக்கத் தெரிந்தவர் எவரும் அதைக் கற்றுக்கொள்ளலாம். அதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமது மாவட்டத்தில் இதன் முக்கியத்துவத்தை விளக்கத் தேவையில்லை. தென்னைமரவாடி மக்கள் 1984 இல் ஊரைவிட்டு வெளியேறினார்கள். சம்பூர்ப் பகுதி மக்கள் 2006 ஏப்ரலில் வெளியேறி, பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் நீண்டகாலம் இருந்து, 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே தம் காணிகளுக்குத் திரும்பினார்கள். இவ்வளவு காத்திருந்து கட்டும் வீடு குடும்பத்துக்குப் பொருந்தாமல் போகக் கூடாது.

1. படம் எங்கிருந்து பார்க்கிறது?

வீட்டுப்படம் என்பது, கூரையைக் கழற்றிவிட்டு, சுவர்களை ஏறத்தாழ நான்கடி உயரத்தில் வெட்டி, மேலேயிருந்து பருந்து பார்ப்பது போன்ற தோற்றம். இரட்டைக் கோடுகள் சுவர். அவற்றிலுள்ள மெல்லிய இடைவெளிகள் யன்னல். கால்வட்டம் போல வரைந்திருப்பது கதவு. அந்தக் கால்வட்டம் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, திறக்கும்போது எவ்வளவு இடத்தை விழுங்குகிறது என்பதைக் காட்டுகிறது. சிறிய அறையில் கதவு உட்பக்கம் திறந்தால் அந்த மூலையில் பெட்டியோ கட்டிலோ வைக்க முடியாது.

பருந்துக்கு எல்லா அறையும் ஒரே பார்வையில் தெரியும். மனிதருக்கு அப்படித் தெரியாது. நாம் நிலத்தில் நின்றும், பாயில் இருந்தும், நோய் வந்தால் படுத்தும் வீட்டைப் பார்க்கிறோம். தாளில் விசாலமாகத் தெரியும் அறை, உள்ளே போனதும் இடுக்கமாகப்படுவதற்கு இது ஒரு காரணம்.

2. அளவுத்திட்டம்

படத்தின் மூலையில் 1:100 என்று எழுதியிருக்கும். தாளில் உள்ள ஒரு சென்ரிமீற்றர் நிலத்தில் ஒரு மீற்றர் என்பது அதன் பொருள். பத்தடி அறை தாளில் ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர். ஆறடிக் கட்டில் இரண்டு சென்ரிமீற்றரிலும் சற்றுக் குறைவு. பழைய படங்களில் ஓர் அங்குலத்துக்கு எட்டடி என்ற கணக்கும் உண்டு.

இங்கே மூன்று விடயங்களில் கவனம் தேவை.

முதலாவது, போட்டோப்பிரதி. பெரிய தாளில் வரைந்த படத்தைப் பாதியளவுத் தாளில் சுருக்கிப் பிரதி எடுத்தால் நீள அகலங்கள் 100 க்கு 71 ஆகக் குறைந்துவிடும். மூலையில் உள்ள 1:100 மட்டும் மாறாமல் அப்படியே இருக்கும். அந்தப் பிரதியில் அடிமட்டம் வைத்து அளந்தால் பத்தடி அறை ஏழடியாகக் காட்டும். எனவே, கோட்டை அளப்பதைவிடக் கோட்டின் மேல் எழுதியுள்ள இலக்கத்தையே நம்புங்கள். இலக்கம் இல்லையென்றால் எழுதித் தரும்படி கேளுங்கள்.

இரண்டாவது, வெளியளவா உள்ளளவா என்பது. 22 அடி அகலம், 25 அடி நீளம் உள்ள வீடு 550 சதுர அடி. ஆனால் வெளிச்சுவர் அரையடித் தடிப்பு என்றால் உள்ளே மிஞ்சுவது 21 க்கு 24, அதாவது 504 சதுர அடி. உட்சுவர்களின் மொத்த நீளம் 40 அடி என்றால் இன்னும் 20 சதுர அடி போய்விடும். கடைசியில் பாய் விரிக்கக்கூடிய நிலம் 484 சதுர அடியே. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. சுவரும் வீட்டின் பகுதிதான். ஆனால் "சொன்ன அளவு எந்த அளவு?" என்று கேட்டுத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, நீளம் கூடுவதும் பரப்புக் கூடுவதும் ஒன்றல்ல என்பது. பத்துக்குப் பத்து அறை 100 சதுர அடி. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறை 144 சதுர அடி. சுவரின் சுற்றளவு 40 அடியிலிருந்து 48 அடியாகக் கூட, நிலம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. இரண்டு சிறிய அறைகளுக்குப் பதிலாக ஒரு நல்ல அறை போதுமா என்று குடும்பமாகப் பேச இக்கணக்கு உதவும். அதேவேளை நிலம் கூடினால் கூரையும் அதே கணக்கில் கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

3. யாருடைய உடம்பு? யாருடைய பொருள்?

எங்கள் முன்னோர் சாணாலும் முழத்தாலும் அளந்தார்கள். அளவுகோல் மனித உடம்பில் இருந்தது. புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே 1940 களில் இதே எண்ணத்துடன் மனித உடம்பை அடிப்படையாகக் கொண்ட ஓர் அளவுமுறையை உருவாக்கினார். முதலில் அவர் எடுத்துக்கொண்ட மனிதனின் உயரம் 1.75 மீற்றர். பின்னர் அதை 1.83 மீற்றராக, அதாவது ஆறடியாக, மாற்றினார். ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் வரும் அழகான ஆண்கள் ஆறடி உயரம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்! உலகம் போற்றும் அறிஞரின் அளவுகோலிலும் ஓர் ஆணின் உருவமே நின்றது. குசினியில் நாளெல்லாம் நிற்கும் ஐந்தடிப் பெண் அதில் இல்லை.

எங்களுக்கு வரும் படங்களிலும் இதைக் கவனியுங்கள். படத்தில் கட்டிலும் மேசையும் சோபாவும் வரைந்திருப்பார்கள். நெல்மூட்டை, மண்வெட்டி, மருந்து தெளிக்கும் கருவி, விதைநெல், வலைப்படங்கு எங்கே வைப்பது என்று வரைந்திருக்காது. போர், அனர்த்தக் காலங்களில் ஆளொருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர், ஏறத்தாழ 38 சதுர அடி, கூரைக்கீழ் இடம் வேண்டும் என்று மனிதாபிமான நிறுவனங்கள் ஒரு நியமம் வைத்துள்ளன. ஐந்து பேருக்கு 188 சதுர அடி. அது உயிர் காக்கும் தற்காலிகக் கொட்டிலுக்கான அளவு. விவசாயியின் வீடு ஆட்களோடு அறுவடையையும் காக்கவேண்டிய இடம்.

கணக்குப் பாருங்கள். ஒரு மூட்டையை நிலத்தில் கிடத்தினால் மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். இருபது மூட்டையை ஐந்தைந்தாக அடுக்கினால் 24 சதுர அடி. சுவரில் ஈரம் பிடிக்காமல் ஓரடி விலத்தி, கட்டைகளின் மேல் அடுக்கி, எடுத்து வைக்கவும் நடக்கவும் இடம் விட்டால் அது ஏறத்தாழ இரு மடங்காகும். படத்தில் இந்த இடத்தைக் காட்ட முடியாவிட்டால், மூட்டைகள் பிள்ளைகள் படிக்கும் அறைக்குள்தான் வரும்.

எமது மக்களில் போரினால் கால் இழந்தவர்கள் பலர். சக்கர நாற்காலி போவதற்குக் கதவு திறந்தபின் குறைந்தது 32 அங்குல வெளி வேண்டும். சாய்தளம் ஓரங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது பொது விதி. நிலமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்திய வீட்டுக்கு 18 அடிச் சாய்தளம் வேண்டும். அத்திவாரம் வெட்டுமுன் இதைச் சொன்னால் செலவு சிறிது. கட்டியபின் சொன்னால் உடைத்துத்தான் செய்யவேண்டும்.

4. வண்ணப்படமும் கண்ணின் மயக்கமும்

மூதூர்க் கரையில் நின்று கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் பாருங்கள். கோணேசர் மலை தெரியும். கையை நீட்டிப் பெருவிரலைப் பிடித்தால் மலை முழுவதும் விரலுக்குப் பின்னால் மறைந்துவிடும். கிட்ட இருப்பது பெரிதாகவும் தூர இருப்பது சிறிதாகவும் தெரிவது கண்ணின் இயல்பு. துறைமுகத்துக்குள் வரும் கப்பலின் பருமன், பக்கத்தில் ஒரு தோணி போகும்போதுதான் விளங்கும். அளவு தெரிந்த ஒரு பொருள் அருகில் இல்லாதபோது கண் ஏமாந்துவிடுகிறது.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரப் பேராலயத்தின் பெரும் குவிமாடத்தைக் கட்டிய புறுனலெஸ்கி, 15 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இயல்பை முறைப்படி வரைந்து காட்டினார். திருமுழுக்கு ஆலயத்தை ஒரு பலகையில் வரைந்து, பலகையில் சிறு துளையிட்டு, பின்புறத்திலிருந்து ஒரு கண்ணால், எதிரே பிடித்த கண்ணாடியில் படத்தைப் பார்க்கச் செய்தார். படம் உண்மைக் கட்டடம் போலவே தெரிந்தது. ஆனால் அந்தத் துளையிலிருந்து பார்த்தால் மட்டுமே. தூரத்தைக் காட்டும் எந்தப் படமும் ஓரிடத்தில் நிற்கும் ஒரு கண்ணுக்காகவே வரையப்படுகிறது என்ற பாடம் இதில் உண்டு.

விளம்பரப் பலகையிலும் திட்ட நூலிலும் வரும் வண்ணப்படங்களுக்கும் இது பொருந்தும். வீட்டின் ஒரு மூலையிலிருந்து பார்ப்பதுபோல் வரைந்தால் இரண்டு பக்கமும் நீண்டு தெரியும். அறையின் மூலையில் நின்று எடுத்த புகைப்படத்தில் சிறிய அறையும் மண்டபம் போல் இருக்கும். ஆள் ஒருவரும் இல்லாத படத்தில் பருமன் தெரியாது. அப்படியான படம் கையில் கிடைத்தால் முதலில் கதவைப் பாருங்கள். கதவு ஏறத்தாழ ஏழடி. சுவர் எத்தனை கதவு நீளம் என்று எண்ணினால் ஓரளவுக்கு உண்மை தெரியும். தூரத்திலுள்ள சுவரை அதே தூரத்திலுள்ள கதவாலேயே அளக்கவேண்டும்.

இன்னொரு கண்ணையும் நினைவில் வையுங்கள். பாயில் இருப்பவரின் கண் நிலத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். யன்னலின் அடிக்கட்டு மூன்றடியில் இருந்தால், நிலத்தில் இருந்து அரிசி புடைக்கும் தாய்க்கு வானம் தெரியும்; முற்றத்தில் விளையாடும் பிள்ளை தெரியாது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும் அதே கதி. விறாந்தைப் பக்கத்து யன்னல் ஒன்றையாவது தாழ்த்தி, வலுவான கம்பி போட்டால் இந்தக் குறை நீங்கும். மேலதிகச் செலவு பெரிதாக வராது.

5. இரண்டு நல்ல முன்மாதிரிகள்

லோறி பேக்கர் 1917 இல் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் பிறந்த கட்டடக்கலைஞர். இந்தியாவுக்கு வந்து, காந்தியடிகளைச் சந்தித்து, அந்நாட்டிலேயே தங்கி, 2007 இல் திருவனந்தபுரத்தில் காலமானார். வீட்டுக்கான பொருட்கள் கட்டுமிடத்தைச் சுற்றிய ஐந்து மைல் வட்டத்துக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து அவரது வாழ்நாள் வழிகாட்டியாயிற்று. ஏழைகளுக்கு வீடு கட்ட விரும்பிய திருவனந்தபுரம் மலங்கரைப் பேராயர் பெனடிக்ட் மார் கிரிகோரியோஸ் அவர்களோடு சேர்ந்து, ஏறத்தாழ 3,000 இந்திய ரூபாவில் ஒரு வீடு என்ற கணக்கில் அவர் கட்டினார். நகரத்தவர் அது முடியாதென்றே நினைத்திருந்தார்கள்.

1970 களில் திருவனந்தபுரத்துக்கு அருகே பூந்துறை மீனவர் குடியிருப்பை அவர் அமைத்த முறை எமக்கு நல்ல பாடம். அந்த வீடுகள் மிகச் சிறியவை. அவற்றை முகாம் கொட்டில்களைப் போல் நேர்வரிசையில் வைக்காமல், ஒன்றுக்கொன்று சற்று விலத்தி, முன்பின்னாக வைத்தார். அதனால் பின்வரிசை வீட்டுக்கும் கடற்காற்றுக் கிடைத்தது. கடலும் கண்ணுக்குத் தெரிந்தது. இடையில் கிடைத்த வெளியில் வலை காயவைக்கவும் பிள்ளைகள் விளையாடவும் முடிந்தது. சுவரின் அளவைக் கூட்டாமலே வாழும் இடத்தைக் கூட்டிய வழி இது.

எங்கள் நாட்டிலும் உதாரணம் உண்டு. கண்டியில் பிறந்த மினற் டி சில்வா (1918 – 1998) இலங்கையின் முன்னோடிக் கட்டடக்கலைஞர். லெ கொர்பூசியேயின் நண்பர். 1950 களின் இறுதியில் கண்டி வட்டபுலுவவில் அரச ஊழியர்களுக்கான வீட்டுத்திட்டம் அவரிடம் வந்தபோது, வீட்டுக்கு வரப்போகும் குடும்பங்களுக்கு வினாக்கொத்து அனுப்பி, அவர்களைச் சந்தித்துக் கேட்ட பிறகே பல மாதிரி வீடுகளை வரைந்தார். அரச ஊழியரிடம் அன்று கேட்கமுடிந்தது என்றால், விவசாயியிடம் இன்று கேட்பதும் முடியும்.

6. படத்தை நிலத்தில் இறக்கும் முறை

ஒப்பமிடுவதற்கு முன் ஒருநாள் தவணை கேளுங்கள். குடும்பம் முழுவதும் வளவுக்குப் போங்கள். கட்டைகள், கயிறு, ஒரு கூடை சாம்பல், அளவுநாடா போதும்.

முதலில் ஒரு மூலையில் கட்டை அறைந்து, அதிலிருந்து ஒரு பக்கம் மூன்றடியிலும் மறுபக்கம் நான்கடியிலும் அடையாளமிடுங்கள். இரண்டு அடையாளங்களுக்கும் இடையே சரியாக ஐந்தடி இருந்தால் மூலைமட்டம் சரி. பிறகு படத்திலுள்ள இலக்கப்படி கயிறு கட்டி, உட்சுவர்களைச் சாம்பலால் கோடிட்டு, கதவுகளுக்கு வெளி விடுங்கள். அதன்பின் வீட்டுக்குள் வாழ்வதுபோல் நடந்து பாருங்கள்.

– எல்லாரும் படுப்பதற்குப் பாய்களை விரியுங்கள். இரவில் ஒருவர் எழுந்து போக வழி இருக்கிறதா?
– குசினிக் கோட்டுக்குள் அம்மா இருக்கட்டும். விறகு, தண்ணீர்க்குடம், அம்மி அல்லது மிக்சி எங்கே? அங்கிருந்து படலையும் கிணறும் தெரிகின்றனவா?
– ஒரு மூட்டையைத் தோளில் வைத்துக் கதவு வெளியால் போய்வாருங்கள்.
– பிற்பகல் மூன்று மணிக்கு வெயில் எந்தச் சுவரில் விழுகிறது? கச்சான் காலத்தில் அந்த அறையில் படுக்க முடியுமா?
– மாரியில் வடகிழக்கிலிருந்து மழை சாய்ந்து அடிக்கும். அந்தப் பக்கத்தில் கதவு இருந்தால் கூரைத் தாழ்வாரம் எவ்வளவு நீளுகிறது?
– மலசலகூடம் கிணற்றுக்கு எவ்வளவு தூரம்? இரவில் பெண்பிள்ளை தனியே போகக்கூடிய வழியா?
– பிள்ளைகள் வளர்ந்தபின் ஓர் அறை கூட்டுவதென்றால் எந்தப் பக்கம்?

குறை தெரிந்தால் படத்தில் பென்சிலால் குறித்து, தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். கதவின் இடம், யன்னலின் உயரம், வீட்டின் முகப்புத் திசை போன்றவற்றைப் பெரும்பாலும் மாற்றலாம். அத்திவாரம், வளை, கூரைப் பாரம் ஆகியவற்றில் அவர் 'கூடாது' என்றால் காரணத்தைக் கேட்டு, ஏற்றுக்கொள்ளுங்கள். நிலையம் எடுக்கும் ஆசாரியாரையும் அதே நாளில் அழைத்தால் ஒருவர் சொன்னதை மற்றவர் பின்னர் மாற்றவேண்டி வராது. தனியே கேட்கத் தயங்குபவர்கள் நாலைந்து குடும்பங்களாகச் சேர்ந்து கேட்பது நல்லது. கணவரை இழந்த பெண்கள் தலைமைதாங்கும் குடும்பங்களை இதில் தனியே விட்டுவிடாதீர்கள்.

7. பெரிதாக்கும் ஆசையைப் பற்றியும் ஒரு வார்த்தை

இந்தியாவின் வீட்டுத்திட்டம் 2012 முதல் வடக்கு கிழக்கில் வீட்டுரிமையாளரே கட்டும் முறையில் நடந்தபோது, ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. நல்ல முறைதான். ஆனால் பலர் கிடைத்த பணத்துக்கு மேலாக அத்திவாரத்தை அகட்டிப் போட்டு, நகையை ஈடுவைத்து, கடன்பட்டு, கூரை மட்டத்தில் நின்றுபோனார்கள். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் சொன்ன உவமையை லூக்கா நற்செய்தி 14 ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நிலத்தில் கயிறு கட்டிப் பார்க்கும் குடும்பத்துக்கு இந்த ஆபத்துக் குறைவு. ஏனென்றால் நன்றாகத் திட்டமிட்ட 500 சதுர அடி, திட்டமில்லாத 700 சதுர அடியைவிட வசதியானது என்பதை அவர்கள் காலால் நடந்து கண்டிருப்பார்கள். மிச்சத்தை, நல்ல போகம் வரும் ஆண்டில் கூட்டிக் கட்டலாம். அதற்கான பக்கத்தை மட்டும் இன்றே ஒதுக்கிவையுங்கள்.

எசேக்கியேல் இறைவாக்கினரும் இடம்பெயர்ந்தவர். பாபிலோனில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த இருபத்தைந்தாம் ஆண்டில், கையில் நூற்கயிறும் ஆறு முழ அளவுகோலும் பிடித்த ஒருவர் கோவிலின் வாசல்களையும் அறைகளையும் ஒவ்வொன்றாக அளப்பதை அவர் காட்சியில் கண்டார். அந்த வீட்டின் அமைப்பை மக்களுக்கு எடுத்துச் சொல்லும்படியும், அவர்களே அதை அளந்து பார்க்கட்டும் என்றும் அவருக்குக் கட்டளை வந்தது என 43 ஆம் அதிகாரம் கூறுகிறது. ஊரை இழந்திருந்த மக்களிடம் ஒரு படத்தைக் கொடுத்து அளக்கச் சொன்னார் கடவுள். எந்த மதத்தவராயினும், தன் வீட்டைத் தானே அளந்து பார்ப்பது மனிதருக்குரிய மதிப்பு.

உங்கள் கிராமத்தில் அடுத்த வீட்டுத்திட்டக் கூட்டத்துக்கு முன், கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ மாதர் சங்கத்திலோ இந்தப் பக்கங்களை வாசித்து, ஒரு வளவில் ஒரு வீட்டைக் கயிறு கட்டிப் பாருங்கள். அரைநாள் வேலைதான்.